பேயை வெளியே அனுப்பும் காட்சி

ஜூன் 8

அன்புள்ள மந்திரிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். முழங்காலும் சுகம், நீ எப்படியும் கேட்பாய் என்பதால் அதன் சார்பில் நானே சொல்லிவிடுகிறேன். நீயும் உன் மனைவியும் அங்கே சௌக்கியம்தானே?

நேற்று போனை முதலில் வைத்தது நீயா நானா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. எப்படியோ, பேச ஆரம்பித்த சூட்டிலேயே வைத்துவிட்டோம். அதனால்தான் கடிதம். இதில் ஒரு சௌகரியம், நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே விழ முடியாது. ‘மந்திரின்னு கூப்பிடாதே’ என்று சிணுங்கவும் முடியாது. பள்ளிக்கூட நாடகத்தில் தலைப்பாகையும் தொப்பையுமாக வந்து ‘மன்னா!’ என்று நீ போட்ட சத்தத்தில் முன்வரிசைக் குழந்தை வீறிட்டு அழுததே, அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். எந்தச் சோப்புக்கும் போகாது.

வீட்டு விஷயம். அப்பா இதை நம் இருவர் பேரிலும் எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நீ விற்கலாம் என்கிறாய். நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறேன். ‘உன் நல்லதுக்குத்தானே அக்கா’ என்கிறாய். என் நல்லது எது என்று ஐம்பத்தெட்டு வயதாகியும் எனக்குப் பிடிபடவில்லை, என்னைவிடச் சின்னவன் உனக்குப் பிடிபட்டிருக்கிறது, ரொம்ப சந்தோஷம். ஆனால் கையெழுத்து கிடையாது. முன்கூடத்தில் என் தையல் மெஷின் இருக்கிறது. அதைச் சுற்றி நாலு பள்ளிக்கூடத்துச் சீருடை குவிந்திருக்கிறது. குவியலுக்கு நடுவே நான் இருக்கிறேன். எங்களை மொத்தமாக அள்ளிக்கொண்டுபோய் உன் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் வைத்தால், நீங்கள் ஜன்னலைத் திறப்பதற்குக்கூட ஒரு கால்சட்டையைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கும்.

இது கிடக்கட்டும், ருசியான சேதி ஒன்று. நேற்று மத்தியானம் வாசலில் மூன்று பேர். குட்டையாக முடி வெட்டிய ஒரு பெண், வாசல்நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு பையன், காதில் பெரிய கருவி மாட்டிய ஒரு நடுவயசுக்காரர். அந்தப் பெண்தான் டைரக்டராம்.

“ஆன்ட்டி, நாங்க ஒரு பேய்க் குறும்படம் எடுக்கறோம். இந்த மாதிரி பாழடைஞ்ச...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பரவாயில்ல, சொல்லு. வீட்டைத்தானே சொன்னே?” என்றேன்.

தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் ‘பேய் இருக்கற மாதிரி வீடு எங்க இருக்கு?’ என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மனுஷர் மாத்திரை எண்ணுவதை நிறுத்தாமலே, ‘நேராப் போய் இடது பக்கம், டெய்லரம்மா வீடு’ என்றாராம். அவருடைய பேரனுக்கு இனிமேல் கால்சட்டை இடுப்பில் நிற்காது, பார்த்துக்கொள்.

“இங்க எடுத்துக்கலாமா ஆன்ட்டி?” என்று கேட்டாள். இந்த வீட்டைப்பற்றி என்னிடம் ஒருவர் ‘லாமா’ போட்டுப் பேசிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! உடனே சரி என்றுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
கையெழுத்துப் போடாத அக்கா (இது கணக்கில் சேராது)



ஜூன் 21

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலமும், குறிப்பாக முழங்காலின் நலமும் அறிய விழைகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் காப்பீட்டுக் கோப்புகளுக்கு நடுவே வைத்துப் படித்தேன். கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ளவும்.

ஒன்று: வீட்டுக்குப் பேய் வீடு என்று பெயர் வந்தால் வாங்க வருபவர் பின்வாங்குவார். இரண்டு: வருகிறவர் நல்ல மனிதர், குடும்பஸ்தர். வீட்டை வெளியிலிருந்தே நான்கு முறை சுற்றிப் பார்த்திருக்கிறார். அவருக்கு அதன்மேல் ஒரு கண். நல்ல கைக்குத்தான் போகிறது என்று நீ நிம்மதியாக இருக்கலாம். மூன்று: அந்த மரப்படிக்கட்டு உன் வயதுக்கு ஏற்றதல்ல. நான்கு: கடிதத்தில் ‘மந்திரி’ என்று எழுதவேண்டாம். தபால்காரர் அடுத்த வீட்டுக்கு மாற்றிக் கொடுத்து, அவர்கள் பிரித்துவிட்டார்கள்.

உன் தம்பி மனைவி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு
தம்பி

பின்குறிப்பு: ஒரு பொது அறிவுக்காகக் கேட்கிறேன். ஒருவருக்கு மட்டும் சோறு வைப்பதென்றால் குக்கரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றவேண்டும்?



ஜூலை 3

அன்புள்ள (அடுத்த வீட்டாரும் படிக்கக்கூடிய) மந்திரிக்கு,

அனைவரும் நலம் என்று எழுதியிருந்தாய். நல்லது. நானும் நலம். எனக்கு உத்தியோக உயர்வு வந்திருக்கிறது, பேயாகிவிட்டேன்.

பதறாதே. படத்தில்தான். முதலில் பேயாக வந்தது ஒரு கல்லூரிப் பெண். அழகு என்றால் அழகு, ஆனால் நம் வீட்டுத் தூசி அதற்கு ஒத்துவரவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும்போது ஒரு தும்மல், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்போது ஒரு தும்மல். காதில் கருவி மாட்டிய சவுண்டுக்காரர், “பேய்க்கு ஜலதோஷம்னு கதையில எங்கயாவது சேத்துடலாமா?” என்று கேட்டார். அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து நான் நடைவழியில் வருகிறேன். வாயில் வரிசையாகக் குண்டூசி, தோளில் வெள்ளைத் துணி, தலையில் பாதி முடிந்த கொண்டை. அந்த உயரமான கேமராத் தம்பி திரும்பிப் பார்த்து “அம்மா!” என்று அலறி, விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். டைரக்டர் பெண் அலறவில்லை. “ஆன்ட்டி, அப்படியே நில்லுங்க. நகராதீங்க” என்றாள்.

வேஷம் போடாமலே வேலை கிடைத்துவிட்டது. நாத்தனார் என்றாலே பேய்தான் என்று உன் மனைவி மனசுக்குள் நினைத்திருப்பாள். இப்போது சான்றிதழே வந்துவிட்டது என்று அவளிடம் சொல். பேய் உடுப்பை நானே தைத்துக்கொண்டேன். தரையைத் தொடுகிற வெள்ளை அங்கி, இரண்டு பக்கமும் பை. ஒன்றில் மூக்குக்கண்ணாடி, மற்றதில் தைலம். பை வைக்காமல் பேய்களெல்லாம் இத்தனை காலம் எப்படிச் சமாளித்தன என்று தெரியவில்லை.

ஆனால் ஒரு தகராறு. இந்தப் பேய் ஏன் வீட்டைவிட்டுப் போகவில்லை என்று கேட்டேன்.

“அவங்க கல்யாணம் ஆகாமலே செத்துப்போனவங்க ஆன்ட்டி. அந்த ஏக்கம்.”

“யாருக்கு?”

“பேய்க்கு.”

“உன்கிட்ட வந்து சொல்லிச்சா?”

சவுண்டுக்காரர் கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

“இதோ பாரு, நானும் கல்யாணம் ஆகாதவதான். எனக்கு இருக்கிற ஏக்கமெல்லாம், பொத்தானுக்குக் கோணாம காஜா எடுக்கிற ஆள் ஒருத்தர் அமையலையேன்னுதான். அதுக்காக யார் கழுத்தையும் நெரிச்சதில்ல.”

“அப்ப உங்க பேய் எதுக்கு ஆன்ட்டி போகாம இருக்கு?”

“அதோட வீடும்மா அது. சொந்த வீட்டுல இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணுமா?”

மறுநாள் வசனத்தை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஏக்கமெல்லாம் போய், ‘நான் போகமாட்டேன்’ என்ற ஒரே வசனம் எனக்கு. ஆனால் முடிவை மட்டும் மாற்றமாட்டாளாம். பேயோட்டி வந்து அதட்டுவார், பேய் தோற்று வாசல் வழியே வெளியே போய்விடும். “பேய்ப்படம்னா கடைசியில பேய் போயே ஆகணும் ஆன்ட்டி” என்கிறாள். பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் குக்கர் கேள்விக்குப் பதில்: அரிசி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டரைப் பங்கு. அது சரி, உன் பொது அறிவுக்கு எப்போதிலிருந்து பசி எடுக்க ஆரம்பித்தது? உன் மனைவி எங்கே?

இப்படிக்கு
அக்கா



ஜூலை 17

அக்காவுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல்.

உன் கடிதத்தைப் படித்துத் தலை குனிந்தேன். நம் குடும்பத்தில் யாரும் இப்படி வெள்ளை பூசிக்கொண்டு கேமரா முன்னால் நின்றதில்லை. சொந்தக்காரர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தாயா?

ஆகஸ்ட் முதல் வாரம் வாங்குபவரை அழைத்துக்கொண்டு நேரில் வருகிறேன். அதற்குள் பேய் பிசாசையெல்லாம் மூட்டை கட்டிவிடவும். என்னுடன் இரண்டு சட்டைகளும் வரும். பொத்தான்கள் அறுந்திருக்கின்றன.

தண்ணீர் அளவு சரியாக இருந்தது.

தம்பி



ஜூலை 25

அன்புள்ள மந்திரிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், நான் நம்புவதாக எழுதுகிறேன். உன் மனைவி எங்கே என்று ஒரு கேள்வி கேட்டிருந்தேன். தலை குனிந்ததில் அது கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

சொந்தக்காரர்கள் காதைப்பற்றிக் கவலைப்படாதே. நானே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் மூடியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஒலிபெருக்கி வைத்துவிட்டேன். சித்தி மகள், தன் மாமியாரையும் ஒரு காட்சியில் சேர்த்துக்கொள்வார்களா, ஒப்பனைச் செலவே இருக்காது என்று கேட்டாள்.

நீ வரும்போது வீடு இருட்டாக இருக்கும், தடுமாறாதே. படத்தில் எல்லாம் ராத்திரி, எடுப்பது எல்லாம் பகல். கேமராத் தம்பியின் அம்மா இருட்டியபின் வெளியே விடமாட்டாளாம். அதனால் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருக்கிறோம். ஓரம் அடித்தது நான்தான். வாசலில் வெயில் கொளுத்தும், ஓர் அடி உள்ளே வைத்தால் நடுநிசி. நேற்று பால் பாக்கெட் போட வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, “இன்னும் விடியலையாம்மா உங்க வீட்ல?” என்றார்.

பேயோட்டியாக வருவது அடுத்த தெருப் பல் டாக்டர். வெண்கலக் குரல். நிஜத்தில் அந்தக் குரலால் ‘வாயைத் திறங்க’ என்பார், படத்தில் ‘வெளியே போ’ என்பார். இரண்டுக்கும் எனக்கு உடம்பு ஒரே மாதிரி நடுங்குகிறது.

மாடிப்படிக் காட்சிகளில் நான் இல்லை. என் அங்கியைப் போட்டுக்கொண்டு டைரக்டர் பெண்ணே முதுகைக் காட்டி ஏறிவிடுகிறாள். முகப்பேய் நான், முதுகுப்பேய் அவள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும். பேயே நானாக இருக்கும்போது மரப்படிகூட ஏறவேண்டியதில்லை, பார்த்தாயா?

சட்டையோடு வா. பொத்தான் நான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
மூட்டை கட்டாத அக்கா



ஆகஸ்ட் 16

அன்புள்ள தம்பிக்கு,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? ஒரு வரிகூட எழுதவில்லை. உன் தாடையின் இடது பக்கம் தாடி ஒட்டிய பசை அப்படியே இருந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் என்ன சொன்னாய்?

அன்றைக்கு நடந்ததை நீ உனக்குள்ளே உனக்குத் தோதாக எழுதி வைத்திருப்பாய். என் பக்கத்தையும் படி.

வீட்டை வாங்குபவர் என்று நீ சொன்ன அந்தக் கட்டட ஒப்பந்தக்காரரோடு வந்தபோது நான் முகத்தில் மாவு பூசி, முழு அலங்காரத்தில் மெஷினில் உட்கார்ந்து, என் சொந்த அங்கியின் கிழிந்த கைக்குத் தையல் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேறு ஆளாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பார். அவர், “நீங்கதான் அக்காவா? வணக்கம்மா” என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். எனக்கே கொஞ்சம் அவமானம்தான்.

நீதான் பயந்தாய். “சார், இந்தப் படத்தால வீட்டுக்குப் பேர் கெட்டுடும்னு நினைக்காதீங்க...” என்று இழுத்தாய். அதற்கு அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

“இடிச்சுத் தள்ளப்போற வீடு சார். பேய் இருந்தா என்ன, பூனை இருந்தா என்ன? பதினாறு வீடு கட்டலாம் இங்க.”

நான் உன்னைப் பார்த்தேன். நீ உத்தரத்தைப் பார்த்தாய். நல்ல குடும்பஸ்தர், நல்ல கை என்று கடிதத்தில் நீ எழுதியதெல்லாம் உத்தரத்தில் எழுதியிருந்ததோ என்னவோ. அவர் வாசல் அகலத்தை அளந்துகொண்டு, சாயங்காலம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். என் வாயில் குண்டூசி இருந்தது உனக்கு நல்ல நேரம்.

அப்போதுதான் பல் டாக்டர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. காலையிலிருந்து ‘வெளியே போ, வெளியே போ’ என்று ஒத்திகை பார்த்ததில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். நோயாளிகளும் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்களாம். மறுநாள் கேமராவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், பாக்கி இருப்பது அந்த ஒரு காட்சிதான். டைரக்டர் பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தாள்.

“சார், நீங்க நடிப்பீங்களா?”

மறுப்பாய் என்று நினைத்தேன். நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஸ்கூல்ல கொஞ்சம் பண்ணியிருக்கேன்” என்றாய். மன்னர் இல்லாத இடத்தில் மந்திரிக்கு இத்தனை ஆசையா! டாக்டருக்காக நான் தைத்த கறுப்புக் கோட்டு உன் வயிற்றில் பாதி தூரம்கூடப் போகவில்லை. “மேல மட்டும் எடுத்துக்கறேன்” என்று கேமராத் தம்பி சமாதானம் சொன்னான்.

உனக்கு இரண்டே வாக்கியம். ‘இந்த வீடு உனக்குச் சொந்தமில்லை. வெளியே போ.’

முதல் தடவை நீ போட்ட சத்தத்தில் சவுண்டுக்காரர் கருவியைக் கழற்றி எறிந்தார். “சார், பேய்க்கு நல்லாக் காது கேக்கும்” என்றார். அடுத்த தடவை தாடி விழுந்தது. அதற்கடுத்து வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். மறுபடி, மறுபடி என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம் உன் பக்கத்தில் வந்து, மெதுவாக, “சார், கோவம் வேண்டாம். அவங்க நிஜமாவே இந்த வீட்டை விட்டுப் போகணும்னு நினைச்சுச் சொல்லுங்க. அது போதும்” என்றாள்.

பாவம், அவளுக்கென்ன தெரியும்!

அந்தத் தடவை நீ சத்தம் போடவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். ‘இந்த வீடு உனக்குச் சொந்தமில்லை. வெளியே போ.’ போனில் எத்தனை சர்க்கரை தடவிச் சொல்லியிருக்கிறாய். முழங்கால், படிக்கட்டு, என் நல்லது. சர்க்கரை இல்லாமல் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். மாவுக்குள்ளே என் முகம் கொதித்தது.

“இடிக்கறவன்கிட்ட குடுக்கத்தானே என்னைப் போகச் சொல்றே?” என்று கேட்டுவிட்டேன்.

“கட்! ஆன்ட்டி, அந்த டயலாக் இல்ல.”

மறுபடி. நீ சொன்னாய், நான் போகமாட்டேன் என்றேன். மறுபடி, விளக்கை மாற்றி வைத்து. நீ சொன்னாய், நான் போகமாட்டேன் என்றேன். ஒவ்வொரு தடவையும் உன் குரல் ஒரு படி இறங்கியதைக் கவனித்தேன். என் குரல் இறங்கவில்லை, அதையும் கவனித்தேன்.

கடைசித் தடவை. ‘இந்த வீடு’ என்று ஆரம்பித்து நின்றுவிட்டாய். வசனம் மறந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டைரக்டர் பெண் கையைக் காட்டி, கேமராவை நிறுத்தாதே என்றாள். நீ என்னைப் பார்த்தபடியே, “வந்துடு அக்கா. அங்க ஒத்த ஆளா என்னால இருக்க முடியல” என்றாய்.

எனக்குத் தெரிந்த வசனம் ஒன்றுதான். “நான் போகமாட்டேன்” என்றேன். உன் முகத்தைப் பார்த்தபிறகு இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன். “வேணும்னா நீ இரு.”

நீ தாடியைப் பிய்த்து என் கையில் வைத்துவிட்டு, கோட்டோடு வாசல் வழியே வெயிலுக்குள் போய்விட்டாய். படத்தில் போகவேண்டியது பேய், போனது பேயோட்டி. நான் போய் மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பெண் ‘கட்’ என்றாள்.

சாயங்காலம் ஒப்பந்தக்காரர் வந்தார். “என் கையெழுத்து இல்லாம இங்க ஒரு செங்கல் அசையாது” என்று பேய்க்கோலத்திலேயே சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன் சட்டைகள் இங்கே இருக்கின்றன. பொத்தான் தைத்தாகிவிட்டது.

இப்படிக்கு
அக்கா



செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். சட்டைகளைத் தபாலில் அனுப்பினேனே, வந்ததா? உன்னிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்துவிட்டு வைத்தாலாவது நம் வழக்கப்படி இருக்கும்.

டைரக்டர் பெண் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். முடிவை மாற்றிவிட்டாள். அந்தக் கடைசித் தடவையைத்தான் வைக்கப்போகிறாளாம், உன் சம்மதம் வேண்டும் என்கிறாள். “சார் பேசினது கதையில இல்லாதது, அவர் வேணாம்னா எடுத்துடறேன்” என்றாள். எழுது.

சாப்பிடுகிறாயா?

அக்கா



செப்டம்பர் 27

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அடித்தது தெரியும், மன்னிக்கவும்.

என் மனைவி ஜனவரியில் மகன் வீட்டுக்குப் போனாள். பேரனைப் பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் வருவதாகச் சொன்னாள். வரவில்லை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. எப்போது வருகிறாய் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா.

உன்னை விசாரித்ததாக எழுதியது நானாகச் சேர்த்தது.

இடிக்கப்போகிறார்கள் என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். சொன்னால் நீ ஒத்துக்கொள்ளமாட்டாய் என்பதால் சொல்லவில்லை. வீடு போய்விட்டால் உனக்கு என்னிடம் வருவதைத் தவிர வேறு வழி இருக்காது என்று கணக்குப் போட்டேன். எழுதிப் பார்க்கும்போது கேவலமாக இருக்கிறது.

இன்னொன்று. உன் தலையணை முன்கூடத்தில் இருந்ததைப் பார்த்தேன். மாடி அறைக் கட்டிலில் துணி மூட்டைகள். நீ மாடிக்கு ஏறுவதே இல்லை. எப்போது விழுந்தாய்?

அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொல்.

தம்பி



அக்டோபர் 5

அன்புள்ள தம்பிக்கு,

மார்ச்சில் விழுந்தேன். மூன்றாவது படியிலிருந்து, சீருடைக் கட்டோடு. நாற்பது கால்சட்டைகள் கீழே, அவற்றின்மேல் நான். அதனால் அடி அதிகமில்லை. முழங்கால் மட்டும் முறைத்துக்கொண்டு இருக்கிறது. உன்னிடம் சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு என்னைக் கிளப்பிவிடுவாய் என்று மறைத்தேன். ஆக, நீயும் திருடன், நானும் திருடி. ஒரே வயிற்றில் பிறந்தோம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

விழுந்தேன், எழுந்தேன், கீழேயே படுக்கையைப் போட்டுக்கொண்டேன். மாடி இல்லாமல் என்னால் வாழ முடியும். அது எனக்கும் படிக்கட்டுக்கும் உள்ள விவகாரம், அதில் பஞ்சாயத்துக்கு ஒப்பந்தக்காரர் வேண்டாம்.

காட்சியை வெட்டச் சொல்லமாட்டேன். உனக்கு வேண்டாம் என்றால் நீயே அந்தப் பெண்ணுக்கு எழுது. உன் குரல், உன் உரிமை, விலாசம் கீழே இருக்கிறது. நான் துணியைத் தவிர வேறொன்றும் வெட்டுவதில்லை. ஆனால் நீ வாழ்நாளில் முதல்முறையாக வரிசை எண் போடாமல் பேசியது அது. யோசித்துக்கொள்.

தனியாக இருக்கிறாய் என்பது எனக்கு வருத்தம்தான். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்காக நான் வரமாட்டேன். உன் வீட்டில் காலியாக இருப்பது உன் மனைவியின் இடம். அதில் அக்காவை உட்காரவைத்து அடைத்துவிட்டால், அவள் இல்லாததே உனக்குத் தெரியாமல் போய்விடும். அந்த வேலைக்கு நான் ஆள் இல்லை.

இம்மாதக் கடைசியில் நூலக மண்டபத்தில் படம் போடுகிறார்கள். முன்வரிசையில் உனக்கு இடம் பிடித்துவைப்பேன்.

இப்படிக்கு
அக்கா



நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எப்படி இருக்கிறாய்?

அந்தப் பெண்ணுக்கு எழுத மூன்று முறை காகிதம் எடுத்தேன். எழுதவில்லை. திரையிடலுக்கும் வரவில்லை. நம் சித்தி மகள் போன் செய்தாள். உன் முகம் கண்ணாடியில் வந்தபோது மண்டபமே கத்தியதாம், மருந்துக்கடைக்காரர் வெளியே ஓடிவிட்டாராம். பேயோட்டி வெளியே போனபிறகு, பேய் மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பிக்கும்போது எல்லோரும் கைதட்டினார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் நீ இதை வைத்தே என்னைக் கேலி செய்வாய். இருந்தாலும் சொல்கிறேன்.

படம் எப்படியோ மகனின் போனுக்குப் போயிருக்கிறது. அவன் தன் அம்மாவிடம் காட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து அழைப்பு. பத்து மாதத்தில் அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை.

“பேயை ‘வந்துடு’ன்னு கூப்பிடத் தெரியுது. பெண்டாட்டியைக் கூப்பிடத் தெரியலையா உங்களுக்கு?” என்றாள்.

நம் குடும்ப வழக்கப்படி போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் அலுவலகத்தில் ஒரு கோப்பும் நகரவில்லை. நேற்று ஒப்பந்தக்காரர் வந்தார். அக்கா கையெழுத்துப் போடமாட்டாள் என்றேன். “அவங்களை விடுங்க, நீங்க?” என்றார். நானும் போடமாட்டேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு மகன் வீட்டுக்குக் கிளம்புகிறேன். நேரில் கேட்கப்போகிறேன். அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்யவேண்டும், அக்கா? கிளம்புவதற்குள் பதில் எழுது.

தம்பி



நவம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், அதனால் நலம் விசாரிப்பைச் சுருக்கிக்கொள். சுகம், சுகம்.

உன் கையில் போனைக் கொடுத்தவர்களைச் சொல்லவேண்டும். அவள் அத்தனை தூரத்திலிருந்து கதவைத் திறந்திருக்கிறாள், நீ இந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாய்! போ, நேரில் போய்க் கேள். நீ இல்லாமல் வீடு அழுக்காக இருக்கிறது என்று ஆரம்பிக்காதே. பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று சொல்லாதே. ‘உன் நல்லதுக்கு’ என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வந்தது தெரிந்தால் நான் அங்கியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவேன். என்னிடம் சொன்னாயே, அதை அவளிடம் சொல். அது முதலிலேயே அவளுக்குச் சேரவேண்டியது.

வரமாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் செய்யாதே. சரி என்று சொல். காரணம் கேட்டுக் குடையாதே, மகனை நடுவில் இழுக்காதே. பேரனோடு கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பு. செத்துப்போன பேய்க்கே ‘முடியாது’ என்று சொல்ல இடம் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவளுக்கு இல்லையா? நாத்தனார் பேசுகிற பேச்சா இது என்று ஊர் கேட்கட்டும். இந்த விஷயத்தில் நான் அவள் பக்கம். அவளிடமும் அதைச் சொல், மறைக்காதே.

அங்கிருந்து நேராக இங்கே வந்தால், மாடி அறை உனக்கு. மூட்டைகளை நீதான் இறக்கவேண்டும், நான் ஏறமாட்டேன். இரண்டு பேராக வந்தாலும் அதே அறைதான், மூட்டைகளைச் சேர்ந்து இறக்குங்கள். இல்லை, அவள் வந்தபிறகு நீங்கள் உங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு இந்தப் பக்கமே வரவில்லை என்றாலும் எனக்குக் கோபம் கிடையாது.

அவசரம் ஒன்றும் இல்லை. எப்போது வந்து கதவைத் தட்டினாலும் நான் இங்கேதான் இருப்பேன்.

அக்கா